முன் அச்சுக்கு மசகு

மலைநாட்டில் குடியேறிய நம்மவர் முதலில் கற்றுக்கொள்ளும் பாடங்களுள் ஒன்று, சமவெளியில் ஓடும் வண்டி வேறு, மலையேறும் வண்டி வேறு என்பது. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டிகளை நம் அன்பர்கள் பலர் வைத்திருக்கிறார்கள். எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றுவார்கள். டயரில் காற்றுப் பார்ப்பார்கள். முன் அச்சை நினைப்பவர் மிகச் சிலரே. டேராடூனில் வண்டிகளைப் பழுது பார்த்தே வாழ்நாளைக் கழித்தவன் என்ற உரிமையில் அதைப் பற்றிச் சில சொற்கள் எழுதத் துணிகிறேன். இதற்குக் காரணமான நிகழ்ச்சி சென்ற கார்த்திகையில் என் வீட்டிலேயே நடந்தது.

என் இளைய மகள் மருத்துவம் படித்தவள். சக்ராதாவுக்கு அப்பால் ஒரு மலைச் சிற்றூரின் சுகாதார நிலையத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. பனிக்காலத்தில் அங்கே பஸ் வராத நாட்கள் உண்டு. "அப்பா, உங்கள் ஜிப்ஸியை எனக்குக் கொடுத்துவிடுங்கள். நடு இரவில் வலி கண்ட பெண்ணை வேறு எப்படிக் கீழே கொண்டுவருவேன்?" என்று கேட்டாள். என் மனைவியோ, "வண்டி பழுதில்லாமல் இருக்கிறது என்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் அவள் அதில் ஏறலாம்" என்று கூறிவிட்டாள்.

பின் அச்சுக்கு ஒரே வேலை, சுழன்றால் போதும். முன் அச்சுக்கோ இரண்டு வேலைகள்: சக்கரத்தைச் சுழற்றவும் வேண்டும், அது இடமும் வலமும் திரும்புகையில் உடன் திரும்பவும் வேண்டும். சாதாரணச் சிலுவை இணைப்பை அங்கே வைத்தால், 30 பாகை திரும்பும்போது சக்கரத்தின் வேகம் ஒரு சுற்றில் இருமுறை சுமார் 13 சதவீதம் குறையும், இருமுறை சுமார் 15 சதவீதம் கூடும். வண்டி உதறும். இக்குறையை நீக்க, ஃபோர்டு நிறுவனத்தின் பொறியாளர் ஆல்ஃபிரட் ஷெப்பா என்பவர் 1920களின் பிற்பகுதியில் ஓர் இணைப்பை அமைத்தார். கிண்ணம் போன்ற வெளிக்கூடு, அதனுள் ஓர் உட்கூடு, இரண்டிற்கும் இடையே வளைந்த தடங்களில் ஆறு எஃகுக் குண்டுகள், அவற்றை ஒரே தளத்தில் நிறுத்தும் ஒரு வளையம். எப்பக்கம் திரும்பினாலும் குண்டுகள் கோணத்தைச் சரிபாதியாகப் பகுக்கும் தளத்திலேயே நிற்பதால் வேகம் மாறுவதில்லை. சி.வி. ஜாயிண்ட் என்று நாம் சொல்வது இதைத்தான்.

சோங் ஆற்றின் கூழாங்கற்படுகைக்கு வண்டியை ஓட்டிச் சென்று, நான்கு சக்கர விசையை இணைத்து, ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெல்ல வட்டமிட்டோம். தார்ச் சாலையில் இச்சோதனையைச் செய்யலாகாது. முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் உருளுவதால், வழுக்க இடமின்றிப் பற்சக்கரங்கள் முறுகிக்கொள்ளும். இடப்புறம் அமைதியாக இருந்தது. வலப்புறத்தில் மட்டும் "கடக், கடக்" என்ற ஒலி கேட்டது.

மறுநாள் தந்தையும் மகளுமாக வேலையில் இறங்கினோம். பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்புறத்தை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்தினோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே எவரும் செல்லலாகாது. சக்கரத்தைக் கழற்றிய பின், பிரேக் காலிப்பரை அதன் ரப்பர்க் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைத்தோம். பிறகு பூட்டுமரையைக் கழற்றிச் சக்கரக் குடத்தையும் பேரிங்குகளையும் எடுத்து, அச்சுத்தண்டை இணைப்போடு வெளியே இழுத்தோம்.

வலப்புறத்தில் கெட்டியான மசகு இருக்க வேண்டிய இடத்தில் நீர்த்த கருங்குழம்பு வழிந்தது. டிஃபரன்ஷியலின் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் ஆயில் சீல் வயதாகித் தேய்ந்துவிட்டது. உள்ளே புகுந்த எண்ணெய் மசகைக் கரைத்துவிட்டது. எனவே மசகை மட்டும் புதிதாக வைப்பதில் பயனில்லை. சீலையும் மாற்ற வேண்டும்.

இணைப்பைப் பிரிக்குமுன் கூடுகளிலும் வளையத்திலும் ஓர் அடையாளம் இட்டோம். நெடுநாள் சேர்ந்து தேய்ந்தவை மீண்டும் அதே இடத்தில் சேர வேண்டும் அல்லவா? வளையத்தைச் சாய்த்துக் குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தோம். இடப்புறத்தில் தடங்கள் வழவழப்பாக இருந்தன. வலப்புறத்தில் சிறு குழிகள் தெரிந்தன. வெளிக்கூட்டின் விளிம்பில் மயிரிழை போன்ற ஒரு விரிசலும் இருந்தது.

புதிய உறுப்பு டில்லியிலிருந்து வரப் பத்து நாட்களாகும் என்றார்கள். மகள் திங்களன்று வேலையில் சேர வேண்டும். "இத்தனை நாள் ஓடியது, இன்னும் ஒரு மாதம் ஓடாதா, அப்பா?" என்றாள். ஓடலாம். ஆயினும் பனியில், ஏற்றத்தில், திருப்பத்தில்தான் அந்த இணைப்பின் மேல் பெரும் பளு விழும். அங்கே கூடு உடைந்தால் முன்சக்கரத்திற்கு விசை போவதோடு, துண்டுகள் சிக்கி ஸ்டியரிங்கே திரும்பாமல் போகவும் கூடும். "மயிரிழை முறிவுள்ள காலோடு ஒருவன் வந்தால், மலையேறிப் போ என்பாயா, அம்மா?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் கைகளைத் துடைத்துக்கொண்டு பஸ் நேரம் பார்க்கப் போனாள்.

உறுப்பு வந்ததும் எஞ்சிய வேலையை நான் முடித்தேன். என் பாட்டனார் வைக்கோற்கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டு வண்டிக்கு மை போடுவார். கருமை மாறவில்லை, கலவை மாறிவிட்டது. இவ்விணைப்புக்கு ஏற்றது, சுமார் 3 சதவீதம் மாலிப்டினம் டைசல்ஃபைடு சேர்ந்த லித்தியம் மசகு. அத்தூள் சீட்டுக்கட்டுப் போல அடுக்கடுக்காக வழுக்கி, பளுவின் கீழும் எஃகோடு எஃகு உரசாமல் காக்கும். குண்டுகளின் இடுக்கெல்லாம் புகுமாறு விரலால் அழுத்தி நிரப்ப வேண்டும். சுற்றியுள்ள கூட்டிலோ முக்கால் பங்குக்கு மேல் அடைக்கலாகாது, சூட்டில் விரிய இடம் வேண்டும். சக்கரப் பேரிங்குக்கு அதற்குரிய மசகையே இட வேண்டும்.

வண்டி மலைக்குப் போயிற்று. தை மாதத்தில் ஓர் அதிகாலை தொலைபேசி ஒலித்தது. "தாயும் சேயும் நலம், அப்பா. கீழே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டேன்" என்றாள் மகள். என் மனைவி பூஜையறைக்குப் போனாள். நான் வாசலுக்கு வந்து சிறிது நேரம் நின்றேன்.

அக்காலத்து உப்பு வணிகர் மேடுபள்ளங்களை எண்ணி வண்டிக்கு அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதைப் புறநானூறு கூறுகிறது. நாம் அச்சைச் சுமக்க வேண்டியதில்லை. ஆறு கடந்து வந்தால், பிறகு ஒருமுறை முன்சக்கரத்தின் உட்புறத்தைக் குனிந்து பாருங்கள். கூடுள்ள வண்டியானால் எண்ணெய் வழிகிறதா என்றும், ரப்பர் உறையுள்ள வண்டியானால் உறை கிழிந்து மசகு தெறித்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். கிழிந்த உறையை அன்றே மாற்றினால் செலவு சிறிது. மணலும் நீரும் புகுந்த பின் இணைப்பையே மாற்ற நேரும். திருப்பத்தில் ஒலி கேட்டால், பயணத்தைத் தள்ளிவைக்கத் தயங்காதீர்கள்.