சாணக்கியபுரியில் ஒரு டீசல் எஞ்சின்

டில்லிக்கு வரும் நம்மவர்கள் குதுப்மினாரையும் செங்கோட்டையையும் கண்டு களித்துத் திரும்பிவிடுகிறார்கள். சாணக்கியபுரியில் 1977-இல் திறக்கப்பெற்ற தேசிய ரயில்வே பொருட்காட்சிசாலைக்குச் செல்வோர் சிலரே. அங்கும் குழந்தைகள் பொம்மை ரயிலையும், பெரியவர்கள் நீராவி எஞ்சின்களையுமே நாடுகின்றனர். சென்ற மாதம் நான் தேடிச் சென்றதோ டபிள்யு.டி.எம்.-2 என்னும் டீசல் எஞ்சினை. உடன் வந்தவர், பொன்மலை டீசல் ஷெட்டில் முப்பது ஆண்டுகள் பிட்டராக உழைத்து ஓய்வு பெற்று, இப்போது மகனோடு இங்கு வசிக்கும் பெரியவர் ஒருவர்.

இவ்வகை எஞ்சின் 1962-இல் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியிலிருந்து நம் நாட்டுக்கு வந்தது. 1964 ஜனவரியில் வாரணாசித் தொழிற்சாலை தன் முதல் எஞ்சினை வெளியிட்டது. பதினாறு சிலிண்டர்கள்; 2,600 குதிரைத் திறன்; ஏறத்தாழ 113 டன் எடை. எழுபதுகளில் ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறித் தலைநகருக்குப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றை இழுத்து வந்தது இந்த இனந்தான். ஆல்கோ கம்பெனி 1969-இலேயே மூடப்பட்டுவிட்டது. இன்றோ தண்டவாளத்துக்கு மேல் எங்கும் மின்கம்பி. ஆல்கோக்கள் பல பழைய இரும்பாக விலை போகின்றன.

"இப்படி ஆண்டுக்கணக்கில் நின்றுவிட்ட எஞ்சினை மறுபடி ஓட்ட இயலுமா, ஐயா?" என்று வினவினேன்.

1855-இல் பிறந்து 1909-இல் ஓய்வு பெற்ற பேரி குவீன், நம் பெரம்பூர்த் தொழிற்சாலையில் செப்பனிடப்பெற்று 1997-இல் ஆள்வாருக்கு ரயில் இழுத்த வரலாறு என் நினைவில் இருந்தது. பெரியவர் சிரித்தார். "அது நீராவி, தம்பி. தகடு இற்றுப்போனால் புதுத் தகடு வளைக்கலாம். குழாய் போனால் குழாய் மாற்றலாம். கையில் வித்தை இருந்தால் போதும். இதற்குச் சாமானும் வேண்டுமே!"

பின்னர் அவர் வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். பேட்டரியை இணைத்து உடனே ஸ்டார்ட் செய்ய முனைவது பெருங்கேடு. நின்ற காலத்தில் சிலிண்டருக்குள் தண்ணீர் கசிந்திருக்கலாம். காற்று அழுத்தத்துக்கு அடங்கும், தண்ணீர் அடங்காது. மேலேறும் பிஸ்டன் அதில் முட்டினால் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு சிலிண்டரையும் திறந்து வைத்து, எஞ்சினைக் கையாலேயே மெல்லச் சுற்றி, நீர் வெளிவருகிறதா என்று பார்க்க வேண்டும். ரப்பர் வளையங்கள் இறுகி வெடித்திருக்கும். அவை யாவும் புதியனவாதல் வேண்டும். ஜெனரேட்டரும், சக்கரங்களைச் சுழற்றும் ஆறு மோட்டார்களும் ஈரம் குடித்திருக்கும். சூடான காற்றால் உலர்த்தி, மெக்கர் கருவியால் மின்காப்பைச் சோதிக்காமல் மின்சாரம் விடலாகாது. எரியெண்ணெயை அளந்து செலுத்தும் பம்புகளும் வேகத்தை ஆளும் கவர்னரும் மிக நுண்ணியவை. அவற்றைச் சரிசெய்வதற்குத் தனி மேடையும் தனி ஆளும் உண்டு.

இவ்வளவும் முடிந்து எஞ்சின் உறுமத் தொடங்கினாலும் வேலை தீரவில்லை. நீர்த்தொட்டியில் தகடுகளை இறக்கி, பிறக்கும் மின்சாரத்தை அந்நீரிலேயே செலவழித்து, முழுச் சுமையில் அதன் வலுவைச் சோதித்த பின்னரே வண்டியில் பூட்டுவார்கள். 'லோடு பாக்ஸ்' என்பது அதன் ஷெட்டுப் பெயர். காகிதத்தோடு காலம் கழிக்கும் என் போன்ற குமாஸ்தாக்கள் அதனருகே நின்றால் ஒரு நாள் முழுதும் காது கேளாதாம்!

சாமானைப் பற்றி நான் மீண்டும் கேட்டேன். கழித்துக்கட்டும் எஞ்சின்களிலிருந்து நல்லவற்றைக் கழற்றிப் பத்திரப்படுத்தினால் இன்னும் சில காலத்துக்குக் குறைவிராது என்றார். அவர் கவலையெல்லாம் வேறு. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் மின்சார எஞ்சினையே பயில்கின்றனர். அதில் குற்றமும் இல்லை. ஓடும்போது சத்தத்தைக் கேட்டே எந்தச் சிலிண்டர் சுணங்குகிறது என்று சொல்லக்கூடியவர்கள் அவருடைய செட்டில் எழுவர் இருந்தனராம். இப்போது இருவரே உளர்.

"நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்" என்றேன். அன்று முதல் ஞாயிறுதோறும் அவர் வீட்டுக்குச் செல்கிறேன். எண்பது பக்க நோட்டுப் புத்தகத்தில் முப்பத்தேழு பக்கம் நிறைந்திருக்கிறது. கவர்னருக்கு இன்னும் வரவில்லை.