துளை சொல்லும் சாட்சி

மனிதன் மனிதனை நம்புவதற்காகக் கண்டுபிடித்த சாதனங்கள் பல. பத்திரம் எழுதினான், முத்திரை குத்தினான், எழுத்தறியாதவரிடம் கைநாட்டுப் பெற்றான். இவை எல்லாவற்றினும் எளியது ஒன்று உண்டு. அதுதான் பயணச் சீட்டில் இடப்படும் சிறு துளை. மெட்ரிகுலேஷன் வரை மட்டும் படித்து, புகைவண்டி நிலையத்தில் சீட்டு வழங்கும் எழுத்தனாகப் பணிபுரியும் எனக்கு, அந்தத் துளையைப் பற்றி நம் சங்கத்து அன்பர்களுக்குச் சில சொற்கள் எழுத வேண்டும் என்பது நெடுநாள் ஆவல்.

நம் நகரில் குதிரை இழுத்த டிராம் வண்டி 1874-ஆம் ஆண்டு ஓடத் தொடங்கியது. 1907-இல் மின்சார டிராம் வந்தது. 1926-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் முதற்பேருந்து புறப்பட்டது. 1964-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் நாளோடு டிராம் விடைபெற்றுக்கொண்டது. பேருந்து நிலைத்தது. பெஸ்ட் நடத்துநரின் பழைய கோலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தோளில் தோற்பை, ஒரு கையில் பல நிறச் சீட்டுக் கட்டுகளை அடுக்கிய தகரப் பெட்டி, மறு கையில் துளைக்கருவி. நெரிசலின் நடுவே அவர் தொண்டை வறளக் கூவ வேண்டுவதில்லை. கருவியை இரண்டு முறை அழுத்தி, ‘டிக் டிக்’ என்று ஒலி எழுப்பினால் போதும். தமிழரும் மராட்டியரும் குஜராத்தியரும் ஒருங்கே சட்டைப் பையில் கைவிடுவர். பன்மொழி வழங்கும் இந்நகரில் அனைவருக்கும் விளங்கிய மொழி அது ஒன்றே என்றாலும் மிகையன்று.

சீட்டைக் கிழித்துக் கொடுத்தாலே போதாதா, துளை எதற்கு என்று சிலர் கேட்கலாம். துளையில்லாத சீட்டு மீண்டும் விலைபோகும். இறங்கிய பயணி எறிந்த சீட்டை, நேர்மையற்ற நடத்துநர் ஒருவர் மற்றொருவரிடம் விற்றுவிடலாம். ஒரு பயணி அதே சீட்டைக் காட்டி இரண்டாம் முறையும் பயணம் செய்யலாம். துளை விழுந்துவிட்டால் அந்தச் சீட்டின் ஆயுள் அந்தப் பயணத்தோடு முடிந்தது. ஆகவே துளை என்பது பயணியைச் சந்தேகிப்பது மட்டும் அன்று. பணம் வாங்கியவருக்கும் கொடுத்தவருக்கும் இடையே நின்று, இருவரையும் காக்கும் நடுவன் அது.

இந்த நடுவனுக்கு நீண்ட குலவரலாறு உண்டு. இங்கிலாந்தில் நியூகாசில்–கார்லைல் இருப்புப்பாதையில் பணியாற்றிய தாமஸ் எட்மண்ட்சன் என்பவர் எங்கள் தொழிலுக்கு ஆதிபுருஷர். அவர் காலம் வரையில் ஒவ்வொரு பயணிக்கும் எழுத்தர் கையாலேயே சீட்டு எழுதித் தர வேண்டியிருந்தது. 1830-களின் பிற்பகுதியில் அவர், வரிசை எண் அச்சிட்ட சிறு அட்டைச் சீட்டையும், அதில் தேதியைப் பதிக்கும் அழுத்துப் பொறியையும் அமைத்தார். இரண்டேகால் அங்குல நீளமே உள்ள அந்த அட்டை உலகெங்கும் பரவியது. நம் நாட்டுப் புகைவண்டிகளிலும் கணிப்பொறி வரும் வரையில் அதுவே ஆட்சி செய்தது. வரிசை எண் இருந்ததால் எழுத்தரும் கணக்குக் காட்டியாக வேண்டும். பயணியும் தன் சீட்டு மெய் என்று நிறுவலாம்.

1878-இல் இலண்டனில் தோன்றிய பெல் பஞ்ச் என்ற நிறுவனத்தின் கருவி இன்னும் நயமானது. நடத்துநர் சீட்டை அதன் வாயில் செருகி நெம்புகோலை அழுத்துவார். துளை விழும், உடனே ஒரு மணி ஒலிக்கும், உள்ளிருக்கும் எண்ணி ஒன்று கூடும். வெட்டுண்ட சிறு காகிதப் பொட்டு வெளியே விழாது. பூட்டிய அறைக்குள்ளேயே தங்கிவிடும். கட்டணத்துக்கு ஒரு நிறமாகச் சீட்டுகள் இருந்தமையால், ஐயம் எழுந்தால் பணிமனையில் அப்பொட்டுகளை நிறம் பிரித்து எண்ணி, எத்தனை சீட்டு விற்றது என்று கண்டுகொள்வார்கள். மணியோசை எதற்கு? தான் கொடுத்த காசு கணக்கில் ஏறிற்று என்பதைப் பயணி தன் காதாலேயே கேட்பதற்கு.

பின்னர் நடத்துநரே இல்லாத வண்டிகளும் வந்தன. சோவியத் நாட்டின் நகரங்களில் டிராம் வண்டியின் சுவரிலே துளைக்கருவி பொருத்தப்பட்டிருந்தது. முன்கூட்டியே வாங்கிய சீட்டைப் பயணி தாமே அதில் வைத்து அழுத்துவார். எட்ட முடியாதவர், அருகில் நிற்பவரிடம் சீட்டை நீட்டுவார். அது கைமாறிக் கைமாறிச் சென்று துளைபட்டுத் திரும்பி வரும். வண்டிக்கு வண்டி துளைகளின் அமைப்பு வேறுபடுமாதலால், பரிசோதகர் அதைக்கொண்டே மெய்யும் பொய்யும் காண்பார்.

இதற்கு ஒப்பான ஏற்பாடு நம் மும்பைப் புறநகர்ப் புகைவண்டியிலும் இருந்தது. அதுதான் கூப்பன் இயந்திரம். கட்டணத்துக்கு ஏற்பக் கூப்பன்களைப் புத்தகத்திலிருந்து கிழித்து, நிலையத்தில் உள்ள இயந்திரத்தின் வாயில் வைத்தால், தேதியும் நேரமும் நிலையக் குறியும் அதில் பதியும். அது துளையிடவில்லை, மையால் பதித்தது. ஆயினும் செய்த வேலை ஒன்றே.

2004-ஆம் ஆண்டு தாணே–வாஷி பாதையில் பயணிகள் வண்டி ஓடத் தொடங்கிய பின், ஐரோலியில் குடியேறியிருந்த எங்கள் குடும்பத்துக்கு அந்தக் கூப்பன் புத்தகம் பெருந்துணையாயிற்று. என் தாயார் நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர். கையெழுத்துப் போட மட்டுமே அறிவார். தாராவியில் இருந்த சித்தியைப் பார்க்க, தாணேயில் வண்டி மாறிச் சயான் செல்வார். சீட்டுச் சாளரத்தில் நின்று இந்தியில் பேசுவது அவருக்குப் பெரும் சங்கடம். என் தந்தையார் முதல்நாள் இரவே கூப்பன்களை எண்ணித் தனியே வைத்துவிடுவார். இயந்திரத்தின் ஓசை கேட்டு, கறுப்பு எழுத்துப் பதிந்திருப்பதைப் பார்த்துவிட்டால் தாயாருக்கு மனம் நிறைந்துவிடும்.

2006-இல் ஒரு நாள் நானும் உடன் சென்றேன். இயந்திரத்தில் மை வறண்டிருந்தது போலும். பதிவு மிக மங்கல். வண்டியில் ஏறிய பரிசோதகர் கூப்பனை வாங்கிப் பார்த்துவிட்டு, 250 ரூபாய் அபராதம் என்றார். பெட்டியில் இருந்தோர் அனைவரும் எங்களையே நோக்கினர். தாயார் ஒரு சொல்லும் பேசவில்லை. கூப்பனைத் திரும்ப வாங்கி, சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, மங்கிய எழுத்தின்மேல் விரலை வைத்துக் காட்டினார். பரிசோதகர் குனிந்து பார்த்தார். தேதியும் மணியும் தெரிந்தன. அவர் தலையசைத்துவிட்டு அப்பால் போனார்.

இறங்கியதும் தாயார் சொன்னார்: “ரூவா போனா சம்பாதிச்சுக்கிடலாம்லே. டிக்கெட்டு எடுக்காதவன்னு நாலு பேரு முன்னால பேரு வாங்கியிருந்தா, அதை எங்க போய் மாத்த?”

அன்பர்களே, பிழைக்க வந்த ஊரில் நமக்கு நிலபுலன் இல்லை, செல்வாக்கு இல்லை. நாணயமானவர்கள் என்ற பெயர் ஒன்றே நம் முதல். அந்தப் பெயரைக் காக்கும் சாட்சி, எழுதப் படிக்கத் தெரியாதவரும் கையில் பிடித்துக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். துளையும் முத்திரையும் அத்தகைய சாட்சிகள்.

கூப்பன் முறை 2015-ஆம் ஆண்டு வாக்கில் முடிவுக்கு வந்தது. நடத்துநர் கையில் ‘டிக் டிக்’ கருவிக்குப் பதில் மின்னணுப் பொறி ஏறியது. இன்று பலருடைய சீட்டு கைப்பேசிக்குள் இருக்கிறது. இதைக் குறைகூற நான் வரவில்லை. வரிசையில் கால் கடுக்க நிற்கும் துன்பம் குறைந்ததைச் சாளரத்தின் இப்புறம் இருந்து நாள்தோறும் காண்கிறேன். ஆனால் அதே சாளரத்தில் வேறொன்றும் காண்கிறேன். மகன் எடுத்துக் கொடுத்த சீட்டு எந்தப் பொத்தானுக்குள் இருக்கிறது என்று அறியாத முதியவர்கள். மின்னேற்றம் தீர்ந்து இருண்டுபோன கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு மருளும் தாய்மார்கள். பணம் கட்டியவர்களே, ஆயினும் காட்டுவதற்குச் சாட்சி இல்லை.

ஆதலால் நம் இல்லங்களுக்கு ஒரு வேண்டுகோள். கைப்பேசியில் பழகாத பெரியவர் தனியே பயணம் செய்யும் நாளில், சாளரத்திலோ தானியங்கி இயந்திரத்திலோ ஒரு காகிதச் சீட்டு எடுத்து அவர் கையில் கொடுங்கள். பழக விரும்புவோருக்கு, சீட்டைத் திறந்து காட்டுவது எப்படி என்று பொறுமையுடன் பத்து முறை கற்பியுங்கள், “இதுகூடத் தெரியாதா?” என்று கடிந்துகொள்ளாதீர்கள். நம் சங்கத்தின் இளைஞர்கள் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்கினாலும் நன்று.

கருவிகள் மாறும், மாறுவதே இயல்பு. மணி அடித்தது, துளை போட்டது, மை பதித்தது, இன்று ஒளித்திரையில் தெரிகிறது. எக்கருவி வந்தாலும், கொடுத்தவர் கொடுத்தேன் என்று தலைநிமிர்ந்து காட்ட முடிய வேண்டும். அந்த நிமிர்வை நம் வீட்டுப் பெரியவர்கள் எவரும் இழந்துவிடாதபடி காப்பது நம் கடமை.