எந்தக் கப்பலைப் பார்க்கப் போறது?

செகண்ட் இயர் எக்ஸாம் முடிந்த அன்று என் கணக்கில் அறுபதாயிரம் ரூபாய் இருந்தது. ஒன்றரை வருஷம் டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்தது. அந்தக் காசில் ஒரு போர்க்கப்பலைப் போய்ப் பார்க்கணும், அதுக்குள்ள ஏறி நடக்கணும் என்பது தரம் எட்டிலிருந்து இருக்கிற ஆசை. மாத்தளைப் பக்கத் தோட்டமொன்றில் வளர்ந்தவளுக்குக் கப்பல் பைத்தியம் எப்படிப் பிடிச்சதுன்னு கேட்பீங்க. அதுக்குக் காரணம் பாட்டி. பிறகு சொல்றேன்.

முதலில் காசைப் பற்றி யோசிக்காமல் ஒரு பட்டியல் போட்டேன். பேட்டில்ஷிப் என்பது எல்லாப் போர்க்கப்பலும் இல்லை. தடித்த இரும்புக் கவசமும் பெரிய பீரங்கிகளும் உள்ள வகைக்கு மட்டும்தான் அந்தப் பெயர். உலகத்தில் இன்று மிஞ்சியிருப்பவை ஒன்பது. எட்டு அமெரிக்காவில். ஒன்பதாவது ஜப்பானின் யொகோசுகாவில் நிற்கிற மிகாசா. 1905இல் சுஷிமாவில் ரஷ்யக் கடற்படையைத் தோற்கடித்த அட்மிரல் டோகோவின் கப்பல் அது; கட்டியது என்னவோ இங்கிலாந்தில். இப்போது அது தண்ணீரிலேயே இல்லை. அடிப்பகுதியைச் சுற்றி கொங்கிரீட் போட்டுத் தரையோடு நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவில் இருக்கிற டெக்சஸ் கதை வேறு. அடிப்பகுதி துருப்பிடித்து உள்ளே தண்ணீர் ஏற, 2022இல் இழுத்துக்கொண்டு போய்த் திருத்த வேண்டி வந்தது. கப்பலை வச்சுக் காப்பாத்துறது யானை வளர்க்கிற மாதிரி.

அடுத்தது பாய்மரக் கப்பல்கள். எங்கள் திருகோணமலையின் பெயரிலேயே ஒரு போர்க்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்லிபூலில் மிதக்கிறது, தெரியுமா? எச்.எம்.எஸ். டிரிங்கோமலி. 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தின் கப்பல் பட்டறையில் தேக்கு மரத்தில் கட்டியது. அதற்கான வரைபடத்தைக் கொண்டுவந்த ஜாவா என்ற கப்பலை வழியில் அமெரிக்காவின் கொன்ஸ்டிடியூஷன் தாக்கி அழித்துவிட்டது. பிறகு இன்னொரு பிரதி அனுப்பினார்கள். அந்த கொன்ஸ்டிடியூஷனும் இன்று பொஸ்டனில் மியூசியம்தான். இரண்டையும் பார்த்தால் ஒரே கதையின் இரண்டு பக்கமும் கிடைக்கும் என்று நான் ரூம்மேட்டிடம் சொன்னேன். "விசாவுக்கு உன்ர பாங்க் புத்தகத்தைக் காட்டுவியோ?" என்று கேட்டாள்.

சரி, பக்கத்தில் வருவோம். மும்பையில் விக்ராந்த் 2012 வரை மியூசியமாக இருந்தது. 1971 யுத்தத்தில் ஓடிய விமானம் தாங்கிக் கப்பல். பராமரிக்க முடியாமல் ஏலத்தில் விற்று, 2014இல் உடைக்கத் தொடங்கினார்கள். அதன் இரும்பில் கொஞ்சத்தை உருக்கி பஜாஜ் கம்பெனி மோட்டார்சைக்கிள் செய்தது. இதைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

மிச்சம் இரண்டு. ஒன்று விசாகப்பட்டினக் கடற்கரையில் இருக்கிற குர்சுரா. சோவியத்தில் கட்டிய நீர்மூழ்கி, 2002இலிருந்து மியூசியம். உள்ளே ஏறி நடக்கலாம். ஆனால் அறுபதாயிரமும் அதோடு முடியும். மற்றது திருகோணமலை டொக்யார்ட்டுக்குள் கடற்படை வைத்திருக்கிற ஹூட்ஸ் டவர் மியூசியம். அங்கே ஏறிப் பார்க்கக் கப்பல் இல்லை. ஆனால் இரண்டாம் உலகப் போரில் நிஜமான பேட்டில்ஷிப்கள் நின்ற துறைமுகம் மேட்டிலிருந்து அப்படியே தெரியும். 1944 ஓகஸ்டில் வேலியன்ட் என்ற பேட்டில்ஷிப்பைத் திருத்தத் தூக்கியபோது அதைத் தாங்கியிருந்த மிதக்கும் டொக்கே உடைந்து தாழ்ந்தது அங்கேதான். கண்டி-திருகோணமலை பஸ் எங்கள் மாத்தளை டவுனுக்குள்ளாலதான் போகுது. நான் திருகோணமலை என்று முடிவெடுத்தேன்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "நேவி கேம்ப்புக்குள்ள பொம்பளப் புள்ள எதுக்குப் போவணும்? கப்பல் பாக்கணும்னா டீவியில பாரு." ரூம்மேட் முல்லைத்தீவுக்காரி. அவள் பயப்படவில்லை, சும்மா சொன்னாள்: "திருகோணமலைக்கு வாறன். அதுக்குள்ள வரேல்ல. நீ போட்டு வா." ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமலே விளங்கியிருக்க வேண்டும். எனக்கு உள்ளே போன பிறகுதான் விளங்கியது.

வாசலில் அடையாள அட்டையைப் பார்த்தார்கள். பழைய பீரங்கிகள், டோர்பிடோக்கள். மேட்டிலிருந்து கீழே துறைமுகம். இத்தனை நீலத்தை நான் பார்த்ததே இல்லை. கூட வந்த கடற்படைப் பையன் சிங்களத்தில் அழகாக விளக்கினான், என் வயதுதான் இருக்கும். பிறகு புலிகளிடமிருந்து கைப்பற்றிய படகுகளுக்கு முன்னால் வந்து நின்றோம். அவன் அதே குரலில், டோர்பிடோவைச் சொன்ன மாதிரியே, விளக்கிக்கொண்டு போனான். நான் தலையாட்டினேன். போனை வெளியே எடுத்தேன், படம் எடுக்கவில்லை.

அந்த நேரம் ரூம்மேட் டச் பே கடற்கரையில் இருந்து சோளம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் பாதியை முறித்துத் தந்தாள். "நல்லா இருந்ததோ?" என்றாள். துறைமுகத்தைப் பற்றி மட்டும் சொன்னேன். அவளும் அதுக்கு மேல் கேட்கவில்லை. அடுத்த நாள் இருவரும் டொக்யார்ட் வீதியில் ஒல்லாந்தர் காலத்துக் கட்டடத்தில் இருக்கிற மற்ற மியூசியத்தைப் பார்த்தோம். அவளுக்கு அது பிடித்திருந்தது. எனக்குக் கொஞ்சம் போரடித்தது, அதையும் சொல்லத்தான் வேணும்.

வீட்டுக்கு வந்து பாட்டியிடம் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ராமானுஜம் இருந்துச்சா அங்க?" என்றார்.

இதுதான் அந்தக் காரணம். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்கள் ஆட்கள் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று எழுதினார்கள். பாட்டியின் தங்கச்சி குடும்பம் அந்தக் கணக்கில் போனது. கண்டி ஸ்டேஷனில் கோச்சி ஏற்றிவிட்டார்கள். எல்லாரும் அழுததால் அதுக்கு அழுகைக் கோச்சி என்று பெயர். தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ராமானுஜம் என்ற கப்பல். மண்டபம் முகாம், பிறகு கோத்தகிரி. தங்கச்சி எழுதிய முதல் கடிதம் பாட்டியின் பிஸ்கட் டின்னில் இருக்கிறது. அதில் பாதி கப்பலைப் பற்றித்தான்: வாந்தி எடுத்தது, பித்தளைக் குடத்தை மடியிலேயே வைத்துக்கொண்டது, கரை மறைகிற வரைக்கும் சின்னவன் கையாட்டியது. அதை வாசிச்சு வாசிச்சுத்தான் எனக்கு எழுத்துக்கூட்ட வந்தது. 1984இல் யுத்தத்தோடு அந்தப் போக்குவரத்து நின்றது.

"அது சண்டைக் கப்பல் இல்ல பாட்டி" என்றேன்.

"எங்களுக்கு எல்லாம் சண்டைக் கப்பல்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் அரிசி களையத் தொடங்கினார்.

காசில் இன்னும் ஐம்பத்திரண்டாயிரம் மிச்சம் இருக்கிறது. குர்சுராவுக்குப் போதாது. தலைமன்னார் பியர் வரைக்கும் 2015இலிருந்து மறுபடி கோச்சி ஓடுது. பொல்காவலையில் மாறி ஏறணும். பார்க்க அங்கே கப்பல் ஒன்றும் இல்லை, உடைந்த இறங்குதுறையும் ஒரு வெளிச்சவீடும்தான். ரூம்மேட்டிடம் சொன்னேன். இந்த முறை தானும் முழுசா வாறன் என்கிறாள். பாட்டியைக் கூட்டிட்டுப் போகலாமா, அவ்வளவு நேரம் கோச்சியில் உட்காருவாரா என்பதுதான் இப்போ யோசனை.