ஈஸ்னோபீலியா

எங்கள் பக்கம் ராத்திரியில் விடாமல் இருமுகிறவருக்கு ‘ஈஸ்னோபீலியா’ என்று வீட்டிலேயே பெயர் வைத்துவிடுவார்கள். திருச்செங்கோட்டில் தறி ஓட்டுகிறவரும் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மூட்டை தூக்குகிறவரும் சாதாரணமாகச் சொல்கிற சொல் இது. லேப் சீட்டில் இசினோபில் 7 சதவீதம் என்று வந்தால் போதும், முடிந்தது கதை. அதில் பாதிக்கு மேல் தூசி ஒவ்வாமையோ வயிற்றுப் பூச்சியோதான் என்பது என் அனுமானம். அசல் நோயில் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 3000க்கு மேல் இசினோபில் அணுக்கள் இருக்கும்.

பெரியப்பாவுக்கு அந்த அசல் வந்தது. நாமக்கல்லில் லாரி டிரைவர். ஒரிசா, பீகார் என்று லோடு ஏற்றிப்போய், வண்டியிலேயே தூங்கிய மனிதர். விடிகாலை 2 மணிக்கு இருமல் ஆரம்பித்தால் உட்கார்ந்தே விடிய வைப்பார். எக்ஸ்ரேயில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. சளியில் கிருமி இல்லை, இருந்தாலும் டிபி மாத்திரை கொடுத்துவிட்டார்கள். வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர். “கண்ணு, பெரியப்பா கிட்டக்கப் போவாத” என்று பெரியம்மாவே சொன்னார். மூன்று மாதம் கழித்து இன்னொரு டாக்டர் ரத்த எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, யானைக்காலுக்குத் தருகிற டிஇசி மாத்திரையை 3 வாரம் எழுதிக்கொடுத்தார். முதல் வாரமே இருமல் அடங்கியது.

“எனக்குக் கால் வீங்கவே இல்லைங்களே, எதுக்குங்க இந்த மாத்திரை?”

நியாயமான கேள்வி. 1940இலேயே மதனப்பள்ளி காசநோய் சானடோரியத்தில் ஃப்ரிமோட் மோலரும் பார்ட்டனும் டிபி போலத் தோன்றி டிபி அல்லாத இந்த நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். 1943இல் வெய்ன்கார்ட்டன் ‘டிராபிகல் ஈசினோபீலியா’ என்று பெயரிட்டார். ஃபைலேரியா புழுதான் காரணம் என்பது பின்னால் தெளிந்தது.

ஒரே க்யூலெக்ஸ் கொசு, ஒரே புழு. ஆனால் கடிபட்டவர்கள் ஒரே மாதிரி ஆவதில்லை. வித்தியாசத்தில் பெரும்பங்கு டி செல்களுடையது. வெள்ளையணுக்களில் ஒரு வகையான இவற்றில் பல, தாமே சண்டை போடுவதைவிட மற்ற அணுக்களை ஏவிவிடும் வேலையைச் செய்கின்றன. டிஎச்2 என்ற பிரிவு இன்டர்லூக்கின்-5 என்ற ரசாயனத்தைச் சுரந்தால் எலும்பு மஜ்ஜை இசினோபில்களை உற்பத்தி செய்து தள்ளும். பெரியப்பா உடம்பில் நடந்தது அதன் உச்சம். நுண்புழுக்கள் நுரையீரலில் சிக்கி அங்கேயே அழிந்தன. அந்தச் சண்டையின் சத்தம்தான் அவருடைய இருமல். இந்த நோயாளிகளின் ரத்தத்தில் பொதுவாக நுண்புழு கிடைக்காது.

இதற்கு நேர் எதிர் ஆள் ஒருவர் உண்டு. ராத்திரி 10 மணிக்கு மேல் ரத்தம் எடுத்தால் அவருக்குள் புழுக்குஞ்சுகள் நீந்தும், வெளியே ஒன்றும் தெரியாது. அவருடைய டி செல்களைப் புழு சமாதானப்படுத்தி வைத்திருக்கிறது. இன்டர்லூக்கின்-10 போன்ற அடக்கும் சுரப்புகள் மிகுந்திருக்கும். தாய்ப்புழு 6 முதல் 8 வருடம் வரை நிம்மதியாகக் குடித்தனம் நடத்துவது இந்தச் சமாதானத்தால்தான்.

மூன்றாமவர் யானைக்கால்காரர். சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மைய வளாகத்தில் (டிபிக்கென்று உண்டான இடத்தில் புழு ஆராய்ச்சி!) இருந்து சுபாஷ் பாபு குழுவினர் செய்த ஆய்வு 2009இல் வந்தது. கால் வீங்கியவர்களிடம் டிஎச்1, டிஎச்17 என்ற முரட்டுப் பிரிவுகள் ஓங்கியிருந்தன, அடக்குகிற டி செல்கள் குறைவு என்றது அது. வீங்கிய காலில் சேரும் பாக்டீரியா தொற்று நிலைமையை இன்னும் கெடுக்கும். இவர்களில் பெரும்பாலோரின் ரத்தத்திலும் நுண்புழு இருக்காது. நாம் பந்தியில் ஒதுக்கி உட்கார வைப்பது இவரை. கொசு வழியாகப் புழுவை அடுத்தவருக்கு அனுப்புகிறவரோ பக்கத்து இலையில் சாப்பிட்டுவிட்டு, “நமக்குத்தான் ஒண்ணுமில்லையே” என்று அரசாங்க மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போவார்.

டிஇசி சாப்பிட்ட பிறகும் சிலருக்கு நுரையீரலில் லேசான அழற்சி தங்கிவிடுவதை 1990இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பெரியப்பாவுக்கு மாடிப்படி ஏறினால் இப்போதும் மூச்சு வாங்குகிறது. லாரியை விட்டுவிட்டார், ஒரு கோழிப்பண்ணையில் தீவனக் கணக்கு எழுதுகிறார்.