அட்டைப் பெட்டியும் தந்தையார் பெயரும்

கடத்தூர் வெற்றிலைச் சந்தையில் கடை வைத்திருந்த நம் தந்தையார், கடன் பேரேட்டில் ஆட்களை ஊர்ப்பெயரோடு சேர்த்தே எழுதுவார். காதர் என்னும் பெயரில் மூவர் இருந்தமையால் ஊரே அவர்களைப் பிரித்துக் காட்டிற்று. ஐந்தாம் வகுப்போடு நின்ற அவர் அறிந்த அந்நுட்பத்தை எம்.ஃபில். பட்டம் பெற்ற நாம் நெடுநாள் அறிந்தோமில்லை.

அப்பட்ட ஆய்வின்போது ஏறத்தாழ அறுநூறு குறிப்பட்டைகளைச் செருப்புப் பெட்டி ஒன்றில் அடுக்கி வைத்திருந்தோம். ஆசிரியர், நூல், பதிப்பு, ஆண்டு, பக்கம் என யாவும் மையால் எழுதியவை. அவற்றைத் தரையெங்கும் பரப்பித் துணைநூற்பட்டியல் அமைக்க மூன்று இரவுகள் கழிந்தன. பின்னர் ஓர் ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி, அவற்றுள் பாதியின் எழுத்துக் கரைந்து போயிற்று. முனைவர் பட்ட ஆய்வைத் தள்ளிப்போட அதுவும் ஒரு சாக்காயிற்று என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2022ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில். படிப்பையே நிறுத்தியபோது நம் சாக்குகளும் தீர்ந்தன.

இம்முறை அட்டைகள் இல்லை. மாணவர் ஒருவர் நம் கணினியில் ஜோட்டெரோ என்னும் மென்பொருளை நிறுவித் தந்தார். அமெரிக்க நாட்டு ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தார் 2006இல் வெளியிட்ட இலவசக் கருவி அது. நூலின் பன்னாட்டுத் தர எண்ணை இட்டால் அதன் விவரங்களைத் தானே திரட்டிக்கொள்ளும்; கட்டுரையில் மேற்கோள் காட்டிய நூல்களையெல்லாம் இறுதியில் அகரவரிசையில் நிறுத்தும். மூன்று இரவு வேலை மூன்று நொடியில் முடிந்தது கண்டு வியந்தோம். ஆயினும் நாம் நாடும் பழம்பதிப்புகளுக்கு அத்தகைய எண் ஏது? தலைப்புப் பக்கத்தைப் பார்த்து நாமேதான் தட்டச்சிட வேண்டும்.

அங்கேதான் இடர் தொடங்கிற்று. அக்கருவி குடும்பப்பெயர் ஒரு கட்டத்திலும், இயற்பெயர் மற்றொரு கட்டத்திலும் கேட்கிறது. உ.வே.சாமிநாதையரிடம் குடும்பப்பெயர் எங்கே? 'உ' உத்தமதானபுரம், 'வே' தந்தையார் வேங்கடசுப்பையர். இரு கட்டங்களை ஒன்றாக்கிக்கொள்ளவும் அதில் வழியுண்டு. அதனை அறியவே நமக்கு ஒரு மாதம் ஆயிற்று.

நம் ஆய்வுத்துறை இசுலாமியத் தமிழ் இலக்கியம் ஆதலின் மற்றொரு சிக்கலும் சேர்ந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராய் விளங்கிய ம.மு. உவைஸ் அவர்களை நாம் ஓரிடத்தில் 'உவைஸ்' என்றும் பிறிதோரிடத்தில் 'உவைசு' என்றும் பதிந்துவிட்டோம். கருவி அவரை இருவராக்கியது. முகம்மது, முகமது, முஹம்மத் என்பாரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஐயம் கொண்டு நம் பழைய ஆய்வேட்டைப் புரட்டினோம். அதிலும் உவைஸ் இருவராகவே நின்றார்! அன்று தேர்வாளரும் கண்டிலர், நாமும் கண்டிலோம். எழுத்து மாறாமல் பார்க்கும் கருவியே நம் பிழையைக் காட்டிற்று. இப்போது நூலில் உள்ளபடி பெயரைக் குறிப்புப் பகுதியிலும், நாம் வரையறுத்த ஒரே வடிவத்தை ஆசிரியர் கட்டத்திலும் இடுகிறோம்.

அண்மையில் ஆங்கில இதழ் ஒன்றில் நம் கட்டுரை வந்தது. படிவம் குடும்பப்பெயர் கேட்டதால் தலைப்பெழுத்தை விரித்துத் தந்தையார் பெயரை அங்கே இட்டிருந்தோம். அச்சில் அவர் பெயர் முழுமையாக முன்னே நிற்க, நம் பெயர் ஒற்றை எழுத்தாய்க் குறுகிவிட்டது. அவர் இருந்திருந்தால், "ஊரை ஏன் எழுதாமல் விட்டாய்?" என்றுதான் முதலில் கேட்டிருப்பார்.