கைநாட்டு

எழுதப் படிக்கத் தெரியாதவரைக் குறிக்க நம் ஊர்களில் ஒரு சொல் வழங்கி வந்தது: கைநாட்டு. பத்திரப் பதிவு அலுவலகத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் கையெழுத்திட இயலாதவர்கள் இடக்கைப் பெருவிரலை ஊதா மையில் ஒற்றிப் பதித்துவிட்டு, எஞ்சிய மையைத் தலைமுடியிலோ சுவரிலோ துடைத்துக்கொண்டு போவதை நாம் இளமையில் கண்டிருக்கிறோம். மை இரண்டு நாளில் போய்விடும், சொல் போகாது. "அவன் கைநாட்டுதானே" என்னும் ஏளனம் ஆயுள் முழுவதும் தொடர்ந்து வரும். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, கல்குவாரிகளில் உழைத்த பெண்கள் தம் பெயரைத் தாமே எழுதக் கற்றதைப் பெரும் விடுதலையாகக் கொண்டாடினார்கள் என்றால், அதன் காரணம் இந்த ஏளனத்தை அறிந்தவர்க்கே விளங்கும்.

காலத்தின் விந்தையைப் பாருங்கள். இன்று நாம் அனைவரும் கைநாட்டுக்காரர்கள். முனைவர் பட்டம் பெற்றவரும் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவரும் ஒரே வரிசையில் நின்று, ஒரே கண்ணாடிச் சில்லின்மீது விரலை வைக்கிறோம். மை இல்லை, காகிதம் இல்லை. விரலை ஏற்பதும் மறுப்பதும் கணிப்பொறியின் வேலை. நியாய விலைக் கடையில் அரிசி வாங்கவும், ஓய்வூதியம் தடைபடாதிருக்கவும் நம் விரல் நம்மை யார் என்று சொல்லியாக வேண்டும். அது சொல்லத் தவறினால் என்ன ஆகும் என்பதைப் பற்றிச் சில காலமாகவே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

எண்ணுவதற்குக் காரணம் நம் விரல்களே. மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் நாம் தேர்ந்துகொண்ட பொழுதுபோக்கு, பழைய புத்தகங்களைத் தைத்து அட்டை கட்டுவது. முதுகு பிரிந்த அகராதிகள், பக்கங்கள் உதிரும் பாடநூல்கள், ஆண்டுவாரியாகச் சேர்த்து வைத்த மாத இதழ்கள் ஆகியவை அக்கம்பக்கத்தாரிடமிருந்து நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேரும். மடிப்பு மடிப்பாகப் பிரித்து, குத்தூசியால் துளையிட்டு, மெழுகு தேய்த்த நூலால் தைத்து, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்து, மைதாப் பசையால் காலிகோ துணியை ஒட்ட வேண்டும். பூச்சி அரிக்காதிருக்கப் பசையில் சிறிது மயில்துத்தம் கலப்பதும் உண்டு. ஒரு புத்தகம் முடிய மூன்று நாள் ஆகும். சிதைந்து வந்த ஒன்று நிமிர்ந்து நிற்கக் காண்பதில் உள்ள நிறைவு, இக்கலையைத் தொட்டவர்க்கே தெரியும். ஆனால் காகிதமும் உப்புத்தாளும் நாள்தோறும் விரல் நுனியைச் சிறிது சிறிதாகத் தேய்த்துக்கொண்டிருக்கின்றன.

போதாக்குறைக்குச் சர்க்கரை நோய். வாரத்தில் சில நாள் காலையில் விரலைக் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தைப் பட்டையில் தொட்டு, எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறோம். நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தும்படி மருத்துவர் அறிவுறுத்தினார். அங்கே வலி குறைவு. ஒருமுறை அவர் நம் கையைத் திருப்பிப் பார்த்து, வயது ஏற ஏறத் தோல் மெலிந்து வறண்டு, ரேகையின் மேடுகள் தாழ்ந்துவிடுவது இயற்கையே என்றார். நோய்க்கு உண்ணும் மருந்தும் இதைச் செய்யக்கூடும். கேப்பசிட்டபைன் என்னும் புற்றுநோய் மருந்தை உட்கொண்டு வந்த சிங்கப்பூர் முதியவர் ஒருவர், விரல்ரேகை மங்கிப் போனதால் அமெரிக்க விமான நிலையத்தில் சுமார் நான்கு மணி நேரம் நிறுத்தி வைக்கப்பட்டார் என்ற செய்தி 2009இல் மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது. உயிரைக் காத்த மருந்தே அடையாளத்தை அழித்துவிட்டது.

ஓய்வூதியர்களுக்கு நவம்பர் ஒரு முக்கியமான மாதம். நாம் உயிரோடிருக்கிறோம் என்பதற்குச் சான்றிதழ் அளிக்க வேண்டிய மாதம் அது. முன்பெல்லாம் வங்கிக்குச் சென்று அதிகாரி முன்னிலையில் படிவத்தில் கையெழுத்திடுவோம். அவர் நம் முகத்தைப் பார்த்து, "சௌக்கியமா ஐயா?" என்பார், சான்றிதழ் முடிந்துவிடும். 2014 நவம்பரில் 'ஜீவன் பிரமாண்' என்னும் கணிப்பொறி வழிச் சான்றிதழ் வந்தது. வங்கி வரை நடக்க முடியாதவர்களுக்கு அது பெரும் உதவி என்பதை மறுப்பதற்கில்லை.

அதற்காக நாம் ஒரு சேவை மையத்துக்குச் சென்றிருந்தோம். ஐந்து முறை விரலை வைத்தும் இயந்திரம் ஏற்கவில்லை. "ரேகை விழலியே ஐயா, துடைச்சிட்டு இன்னொரு தடவை வைங்க" என்று அங்கிருந்த பெண் பொறுமையோடு சொன்னாள். வலக்கை, இடக்கை, பெருவிரல், சுட்டுவிரல் எல்லாம் முயன்றாயிற்று. முடிவில் கைப்பேசியின் கேமராவை நம் முகத்துக்கு நேரே பிடித்துக் கண்ணைச் சிமிட்டச் சொன்னாள். சிமிட்டினோம், உயிரோடிருப்பவராக ஏற்கப்பட்டோம். முகத்தைக் கொண்டு சான்றளிக்கும் இம்முறை 2021 நவம்பரில் அறிமுகமானது. நமக்கு வந்த இடையூறு அரைமணி நேரத்தோடு தீர்ந்தது.

நமக்குப் பின்னால் நின்ற மூதாட்டிக்கு அப்படித் தீரவில்லை. முந்திரித் தொழிற்சாலையில் நாற்பது ஆண்டுகள் கொட்டை உடைத்தவர் அவர். முந்திரி ஓட்டின் எண்ணெய் தோலை அரிக்கும் தன்மையுடையது. அவருடைய விரல்கள் கூழாங்கல்லைப் போல் வழவழப்பாக இருந்தன. நியாய விலைக் கடையில் ரேகை விழவில்லை என்று அனுப்பிவிட்டார்களாம். ஆதாரைப் புதுப்பித்து வரச் சொன்னார்களாம். இங்கும் விழவில்லை. அவர் அந்தப் பெண்ணைப் பார்த்து, "மக்களே, நான் உன் முன்னால உயிரோட நிக்கேனே, அது போதாதா?" என்று கேட்டார். அவள் தலைகுனிந்தாள். விடை அவள் கையில் இல்லை.

விரல்ரேகைக்கும் அரசுக்கும் உள்ள உறவு நம் நாட்டிலேயே பிறந்தது என்பதைப் பலர் அறியார். 1858இல் வங்காளத்து ஜங்கிப்பூரில் ஆங்கில அதிகாரி வில்லியம் ஹெர்ஷல், ராஜ்யதர் கோனாய் என்னும் ஒப்பந்தக்காரரின் உள்ளங்கையை மையில் ஒற்றி ஒப்பந்தத் தாளில் பதிய வைத்தார். 1877இல் ஹூக்ளியில் அவர் அம்முறையைப் பத்திரப் பதிவுக்கும் சிறைக்கும் மட்டுமின்றி, ஓய்வூதியர்களுக்கும் விரிவாக்கினார். இறந்துபோனவர் பெயரில் வேறொருவர் பணம் பெற்றுச் செல்வதைத் தடுப்பதே அதன் நோக்கம். ஆக, நாம் நவம்பரில் நிற்கும் வரிசை ஏறத்தாழ 150 ஆண்டு நீளமுள்ளது.

1897இல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பணியகம் நிறுவப்பட்டது. அங்கே எட்வர்ட் ஹென்றியின் கீழ்ப் பணியாற்றிய அசீசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் ஆகிய இந்தியர் இருவர், பத்து விரல்களின் சுழிகளை எண்களாக்கி, 1,024 அறைகளில் அடுக்கித் தேடும் முறையை வகுப்பதில் பெரும்பங்கு ஆற்றினார்கள். கணிப்பொறி தோன்றுமுன்பே கணிப்பொறியின் வேலையைச் செய்த அலமாரி எனலாம். எனினும் அம்முறை ஹென்றியின் பெயராலேயே உலகெங்கும் வழங்கியது.

இதே விரல்ரேகை தென்னாப்பிரிக்காவில் ஒரு போராட்டத்துக்கு வித்திட்டது. 1906இல் டிரான்ஸ்வால் அரசு, அங்கு வாழ்ந்த ஆசியர் யாவரும் விரல்ரேகை பதித்துப் பதிவுச் சீட்டுப் பெற வேண்டுமென்று சட்டம் இயற்ற முனைந்தது. அதை எதிர்த்து அவ்வாண்டு செப்டம்பர் 11ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய கூட்டமே சத்தியாக்கிரகத்தின் தொடக்கம். தமிழர் பலர் அதில் சிறை புகுந்தனர். தம்பி நாயுடு அவர்களுள் முதன்மையானவர். சட்டம் நீக்கப்படும் என்ற உடன்பாட்டை நம்பி, 1908 பிப்ரவரியில் காந்தியடிகள் தாமாக முன்வந்து ரேகை பதிக்கச் சென்றார். வழியில் அதை ஏற்காத நம்மவர் சிலரால் தாக்கப்பட்டார். தம்பி நாயுடுவும் அடிபட்டார். படுக்கையில் கிடந்தபடியே காந்தியடிகள் ரேகை பதித்தார். ஆனால் சட்டம் நீக்கப்படவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு 16ஆம் நாள், ஹமீதியா மசூதி வளாகத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுச் சீட்டுகள் பெருங்கொப்பரையில் இட்டு எரிக்கப்பட்டன.

பதித்ததும் அதே விரல். எரித்ததும் அதே கை. நம்பிக்கையோடு கேட்டபோது கொடுத்தார்கள். குற்றவாளியைப் போல் நடத்தியபோது மறுத்தார்கள். விரல்ரேகை கேட்பது சரியா, தவறா என்ற வாதத்தைக் காட்டிலும், கேட்கும் அதிகாரம் எதிரே நிற்பவரை எப்படிப் பார்க்கிறது என்பதே பெரிய கேள்வி என்று நமக்குத் தோன்றுகிறது.

நம் காலத்தில் அக்கேள்வியை எழுப்பியவரும் ஓர் ஓய்வூதியரே. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே. எஸ். புட்டசுவாமி, 2012இல், தம் 86ஆம் வயதில், ஆதாரை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தை அணுகினார். அவ்வழக்கில் 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் குடிமக்களின் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 2018 செப்டம்பர் 26ஆம் நாள் ஐவர் அமர்வு, நால்வர் கருத்தின்படி ஆதார் செல்லும் என்றது. தனியார் நிறுவனங்கள் அதைக் கேட்க வழிசெய்த பகுதியை நீக்கியது. 2024இல் புட்டசுவாமி 98ஆம் வயதில் மறைந்தார். எண்பதைக் கடந்தபின் நமக்கென்ன என்று அவர் இருந்துவிடவில்லை என்பது நம்மைப் போன்ற முதியோர் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி.

அரசின் பக்கத்திலும் நியாயம் உண்டு. போலி அட்டைகளால் ஏழையின் அரிசி களவு போனதை நாம் மறக்கவில்லை. பொதுப் பணத்தைக் காப்பவர் "நீ யார்?" என்று கேட்பது அவர் கடமை. ஆனால் கணிப்பொறி சொல்லும் "இல்லை" என்ற விடைக்கு நாம் எவ்வளவு மதிப்புத் தர வேண்டும்? ரேகையின் கோடுகள் எங்கே முடிகின்றன, எங்கே கிளை பிரிகின்றன என்பதைக் கணிப்பொறி எண்களாக்கி வைத்துக்கொள்கிறது. பிறகு வைக்கும் விரலின் எண்களோடு ஒப்பிட்டு, ஒற்றுமை ஓர் எல்லையைத் தாண்டினால் ஏற்கிறது. அந்த எல்லையை வகுப்பவன் மனிதன். எல்லையை உயர்த்தினால் உண்மையானவர் சிலர் வெளியே நிற்பார்கள். தாழ்த்தினால் போலிகள் சிலர் உள்ளே நுழைவார்கள். இரண்டும் நேராத எல்லை எதுவும் கிடையாது. ஆகவே இயந்திரம் கூறுவது ஒரு மதிப்பீடுதான். அதைத் தீர்ப்பாக்குவது, இயந்திரத்துக்குப் பின்னால் இருந்துகொண்டு "என் கையில் ஒன்றுமில்லை" என்று சொல்லும் அதிகாரம்.

இன்னொன்றையும் கவனித்தோம். யாருடைய ரேகை தேய்கிறது? சுண்ணாம்பு குழைப்பவர், உப்பளத்தில் வாருபவர், கயிறு திரிப்பவர், முந்திரி உடைப்பவர், பாத்திரம் தேய்ப்பவர். யார் கை ஓயாமல் உழைத்ததோ அவர் கைதான் இயந்திரத்துக்குத் தெரியாமல் போகிறது. அரசின் உதவி அதிகம் தேவைப்படுபவரும் அவரே. புத்தகம் தைத்துத் தேய்ந்த விரலுக்கு முகத்தைக் காட்டும் வழி எளிதாகக் கிடைத்தது. நமக்குப் படிக்கத் தெரியும், கேட்கத் தெரியும். அந்த மூதாட்டிக்குக் கேட்க வேறு வழி உண்டென்றே தெரியாது.

வழிகள் இருக்கின்றன. கருவிழியைக் காட்டலாம், பதிவு செய்த கைப்பேசிக்கு வரும் எண்ணைச் சொல்லலாம். ஓய்வூதியர்கள் பழையபடி வங்கியில் நேரே சென்று காகிதச் சான்றிதழ் கொடுப்பதும் இன்றும் ஏற்கப்படுகிறது. மத்திய அரசு ஓய்வூதியர்களில் 80 வயதைக் கடந்தவர்கள் நவம்பர் நெரிசலுக்குக் காத்திராமல் அக்டோபர் மாதத்திலேயே சான்றிதழ் அளிக்கலாம். இவற்றை அறிந்தவர்கள் அறியாதவரோடு ஒருநாள் வரிசையில் போய் நின்றால் போதும். பல வீடுகளில் அடுப்பு அணையாது. அன்று நாம் செய்ய முடிந்ததும் அவ்வளவே. மூதாட்டியோடு கடைக்குத் திரும்பிச் சென்று, கருவிழி பார்க்கும் கருவியை எடுக்கச் சொன்னோம். அது மேசைக்குள் உறையோடு இருந்தது. வெளியே எடுத்தார்கள், அரிசி கிடைத்தது.

இயந்திரம் தவறும்போது ஐயத்துக்குரியது இயந்திரமா, மனிதனா? இதற்கு அரசு எந்த விடையைத் தேர்கிறதோ, அதை வைத்தே அதன் அதிகாரத்தின் தரத்தை அளக்கலாம். கண்ணெதிரே மூச்சுவிட்டு நிற்கும் ஒருவரை முதலில் நம்பி, பிறகு இயந்திரத்தைச் சரிபார்ப்பது பெரிய காரியமன்று. நம் முன்னோர் மையைத் துடைத்த சுவர்களில் அக்கறைகள் இன்னும் சில இடங்களில் மங்கலாகத் தெரிகின்றன. அவை யாருடையவை என்று எந்தக் கணிப்பொறியும் சொல்லாது. அங்கே ஒரு மனிதர் நின்றார் என்பதை மட்டும் அவை சொல்கின்றன.