வாய் ஒன்றுதான்

மனிதர்களை ஒன்றுபடுத்துவது மகா கஷ்டம் என்பது தெரிந்த விஷயம். ஆனால் சார்ஜர்களை ஒன்றுபடுத்திவிட்டார்கள். சில வருஷங்களுக்கு முன் எந்த வீட்டிலும் மேஜை டிராயரைத் திறந்தால் பாம்புப் புற்றைத் திறந்த மாதிரி இருக்கும். ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை செய்து தள்ளினார்களே, அந்த நோக்கியா போனுக்கு ஊசி போல ஒரு முனை. வேறொரு கம்பெனிக்குச் சப்பட்டையாக ஒரு முனை. காமிராவுக்கு மூன்றாவதாக ஒன்று. வீட்டுக்கு வந்த விருந்தாளி காபி வேண்டும் என்று கேட்கக் கூச்சப்படுவார், "சன்ன பின் சார்ஜர் இருக்கா?" என்று கேட்கக் கூச்சப்பட மாட்டார்.

கம்ப்யூட்டருக்கென்று 1996-ல் யு.எஸ்.பி. என்ற பொது முனை வந்தது. அதை வகுத்தவர்களில் முன்நின்றவர் பரோடாவில் படித்த அஜய் பட். நல்ல காரியம்தான். ஆனால் அதை ஒரு பக்கமாகத்தான் செருக முடியும். அந்தப் பக்கம் எது என்று முதல் தடவையிலேயே கண்டுபிடித்த மனிதரை நான் பார்த்ததில்லை. 2014-ல் 'டைப்-சி' வந்து அந்தக் குறையும் நீங்கியது. ஐரோப்பிய யூனியன் 2022-ல் சட்டமே போட்டது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் போன்களுக்கு இந்த வாய்தான் இருக்க வேண்டும். லாப்டாப்புகளுக்கு 2026 ஏப்ரல் 28 என்று தவணை. தனி முனை வைத்துக்கொண்டிருந்த ஐபோனும் 2023-ல் இதற்கு மாறிற்று. அதே வருஷம் ஜனவரியில் நம் இந்தியத் தர நிர்ணய அமைவனமும் இந்த வாய்க்கு ஒரு தரம் வகுத்து அறிவித்தது.

சரி, சண்டை தீர்ந்தது என்று நாம் டிராயரை மூடிவிட்டோம். தொல்லை இப்போது கேபிளின் வயிற்றுக்குள் இருக்கிறது.

அந்தச் சின்ன வாய்க்குள் மேலே 12, கீழே 12, ஆக 24 பற்கள். எப்படித் திருப்பிச் செருகினாலும் பொருந்துகிற மாதிரி எதிரெதிராக அடுக்கியிருக்கிறார்கள். நாலு பல் மின்சாரம் கொண்டுவர, நாலு பல் அது திரும்பிப் போக. மீதியில் பெரும்பாலானவை படம், பாட்டு, எழுத்து என்று 'டேட்டா' கொண்டுபோக. இரண்டு பற்களுக்கு மட்டும் தூதர் உத்தியோகம். சார்ஜரும் போனும் முதலில் இந்தத் தூதர்கள் மூலம் பேசிக்கொள்ளும். எதிரே ஆள் இருக்கிறார் என்று தெரியும் வரை ஒழுங்கான டைப்-சி சார்ஜர் மின்சாரத்தையே அவிழ்த்து விடாது. தெரிந்ததும் 5 வோல்ட் கொடுக்கும். "இன்னும் வேண்டும், தாங்குவேன்" என்று போன் சொன்னால் 9, லாப்டாப் கேட்டால் 20. 2021-ல் வகுத்த விதிப்படி 48 வோல்ட், 240 வாட் வரைக்கும் போகலாம். அவ்வளவு பளுவைத் தாங்கும் கேபிள் தன் தகுதியைச் சொல்ல உள்ளே ஒரு சிறு சில்லு வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் 3 ஆம்பியருக்கு மேல் கிடையாது.

டேட்டா சங்கதி இதற்கு முற்றிலும் வேறு. ஒரு கேபிள் வினாடிக்கு 40 கிகாபிட் கொண்டுபோகும்; அதே வாயுள்ள இன்னொன்று 480 மெகாபிட்தான் கொண்டுபோகும். தடிமனாக இருந்தால் வேகம் அதிகம் என்று நினைக்காதீர்கள். லாப்டாப்புக்குச் சார்ஜ் ஏற்றும் எத்தனையோ தடிக் கேபிள்கள் டேட்டாவில் நத்தைகள். கொசு மட்டையோடும் டிரிம்மரோடும் வருகிற மலிவுக் கேபிள்கள் பலவற்றில் டேட்டா கம்பியே இருக்காது. செம்பு மிச்சம்! ஆனால் வாய் மட்டும் அச்சாக அதே வாய்.

இது ஏதோ எஞ்சினீயர்கள் கவலை என்றுதான் நானும் இருந்திருப்பேன், எங்கள் தெருப் பெரியம்மா அழுதுகொண்டு வராமல் இருந்தால். அவருடைய கணவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவர் குரல் இருப்பது பெரியம்மாவின் பழைய போனில். பாட்டரி கெட்டு, கேபிளைப் பிடுங்கினால் ஐந்து நிமிஷத்தில் அணைந்துவிடுகிற போன். பாரீஸிலிருக்கும் மகன், "லாப்டாப்பில் மாட்டி எல்லாத்தையும் எடுத்து வச்சிடும்மா" என்று சொல்லியிருக்கிறான். மாட்டினால் சார்ஜ் ஏறுகிறது. கம்ப்யூட்டரில் ஒன்றும் வரவில்லை. கடைக்குக் கொண்டுபோனால், "உள்ளே போர்டு போயிடுச்சு, அழிச்சிட்டு வேற வாங்கிக்குங்க" என்று யோசனை சொல்லிவிட்டார்கள்.

"பெரியம்மா, போனோட முதல்ல வந்த கேபிள் எங்கே?" என்றேன்.

யோசித்தார். "அதுலதானே தம்பி, பரண்ல பாயைச் சுருட்டிக் கட்டி வச்சிருக்கேன்!"

பாயை இறக்கினோம். முடிச்சை அவிழ்த்து, தூசி துடைத்து மாட்டியதும் போன் திரையில், சார்ஜ் மட்டும் போதுமா, கோப்புகளையும் அனுப்பவா என்று கேள்வி வந்தது. அரை மணியில் எல்லாம் வந்து சேர்ந்தன. அதில் ஒன்றை அழுத்தினார். "சந்தையில நிக்கிறேன். முருங்கைக்காய் முத்தலா இருக்கு. வாங்கவா, வேணாமா?"

"வேணாம்னுதான் சொன்னேன். கேட்டாரா?" என்றார் பெரியம்மா. அழுதாரா, சிரித்தாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

முனை பொருந்தினால் எல்லாம் பொருந்திவிடும் என்ற நம்பிக்கை அம்பகரத்தூர்க்காரர்களுக்கு இருக்க நியாயமில்லை. பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898-ல் மீட்டர் கேஜ் ரயில் விட்டார்கள். எங்கள் ஊர் வழியாகத்தான் போயிற்று. பேரளம் வெள்ளைக்காரன் சீமை, காரைக்கால் பிரெஞ்சுக்காரன் சீமை. தண்டவாளத்தின் அகலம் ஒன்றாக இருந்ததால் வண்டி தடையில்லாமல் எல்லை தாண்டியது. மூட்டை முடிச்சு அப்படித் தாண்டிவிடாது. சுங்கக்காரர் பிரித்துப் பார்த்து, இது போகலாம், இது கூடாது என்று தீர்ப்புச் சொன்ன கதைகளைப் பெரியவர்களிடம் கேட்டிருக்கிறேன். 1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் போனார்கள். அப்புறம் அந்த ரயிலும் நின்றது.

சுங்கச்சாவடி கண்ணுக்குத் தெரிந்தது; கேபிளுக்குள் இருப்பது தெரிவதில்லை. கேபிள் மேலேயே எத்தனை வாட், எத்தனை வேகம் என்று அச்சடிக்கும் வழக்கம் இப்போது வந்திருக்கிறது. அச்சில்லாத கேபிள்களே நம் வீடுகளில் அதிகம். ஆகவே வாங்கும்போது கடைக்காரரை வாய் விட்டுக் கேளுங்கள்: சார்ஜ் எத்தனை வாட்? டேட்டா போகுமா, போனால் என்ன வேகம்? வீட்டிலிருப்பவற்றை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் மாட்டிச் சோதியுங்கள். அதற்கு முன்னால், கடைக்காரர் பேச்சைக் கேட்டு எதையும் அழித்துவிடாதீர்கள்.

நான் எங்கள் வீட்டுக் கேபிள்களுக்கு நூல் கட்டிவிட்டேன். சார்ஜ் மட்டும் என்றால் சிவப்பு. டேட்டாவும் போகும் என்றால் மஞ்சள். முந்தாநாள் வந்த பெரியம்மா, மேஜை மேல் மஞ்சள் நூலோடு கிடந்த கேபிளைப் பார்த்துவிட்டு, "பத்ரகாளிக்கு வேண்டுதலா தம்பி?" என்று கேட்டார்.

"ஆமாம் பெரியம்மா" என்றேன்.